லாபம், ரெண்டு, மூணு

ஜனவரி 20, திங்கள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முன்பின் தெரியாத ஒரு மனிதர் தன் வீட்டு மிக்ஸியைத் திட்டுவதை மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறைதான் அந்தக் கடைசிச் சொல் பிடிபட்டது. எழுதினேன். 'தகாத சொல்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பிறகு பல் துலக்கப் போனேன்.

இந்த வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. 'தாரா' என்று ஒரு பேசும் டப்பா. பாட்டுப் போடும், மழை வருமா என்று சொல்லும், கூப்பிடச் சொன்னால் போனில் கூப்பிடும். ஜனங்கள் சொல்வது அதற்குப் புரியாதபோது, புரியாததை எல்லாம் பத்துப் பன்னிரண்டு நொடித் துண்டுகளாக நறுக்கி எங்களுக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் கேட்டு, எழுதி, வகை பிரிக்க வேண்டும். கொங்குப் பேச்சு முழுக்க என் பக்கம். எம்.ஏ. பொருளாதாரம் படித்துப் பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், இப்போது கோயம்புத்தூரில் பின்னறையில் நைட்டியோடு உட்கார்ந்து ஈரோட்டுக்காரர்களின் மிக்ஸி சண்டையைக் கேட்கிறேன். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சொல்லவும் கூடாது. வேலைக்குச் சேரும்போது பதினொரு பக்க ஒப்பந்தம். பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ வெளியிடக் கூடாதாம். இந்த டைரி உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது. அதை எழுத்தில் சேர்ப்பார்களா என்று தெரியவில்லை.

பேசுகிறவரின் அடையாளம் தெரியாமலிருக்கக் குரலை மாற்றி அனுப்புகிறார்கள். அதனால் ஆண், பெண், குழந்தை எல்லோருமே சளி பிடித்த நடுவயது ஆணைப்போலத்தான் பேசுகிறார்கள். பெயர் வரும் இடத்தில் மெஷினே கண்டுபிடித்து 'பீப்' வைத்துவிடுகிறது. தாரா என்றால் நட்சத்திரம் என்று நினைத்து வைத்திருப்பார்கள். எங்கள் பக்கம் தாரா என்றால் வாத்து. போன வாரம் ஒரு பெரியவர், "ஏஞ்சாமி, லைட்டப் போடறதுக்கு நானெதுக்கு வாத்தக் கூப்படோணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வகை: 'தெளிவற்ற கோரிக்கை'.

ஜனவரி 21, செவ்வாய்

212 துண்டுகள். முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்ய வேண்டும். நாளை.

ஜனவரி 22, புதன்

என் வீட்டுக்காரர் தன் லேப்டாப் காமிராவின் மேல் என் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டியிருக்கிறார். மெரூன் கலர், ஒன்பதாம் நம்பர். லேப்டாப் மங்களகரமாக இருக்கிறது.

"உனக்குத் தெரியாது அம்மிணி. எல்லாத்தையும் பாக்கறான், எல்லாத்தையும் கேக்கறான். நேத்து மெத்தை மாத்தோணும்னு சும்மா பேசுனேன். இன்னிக்கு போனத் தொறந்தா முப்பது மெத்தை."

"யாருங்க கேக்கறது?"

"எவனோ. அமெரிக்காவுல உக்காந்துட்டு."

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். எனக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'வீட்டிலிருந்து டைப்பிங்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கும் அதேதான். அமெரிக்காவில் இருப்பவனைத் தேடிக்கொண்டிருப்பவருக்குப் பின்னறையில் இருப்பவளைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறார். சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு, கேஸ் புக் பண்ண வந்த ஓ.டி.பி.யைப் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

படுக்கப் போகும்போது, "அந்த மறு ஸ்கேன் என்னாச்சு? டிசம்பர்லயே பாக்கோணும்னாங்களே" என்றார். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்றேன். கேட்டால்தானே கிடைப்பதற்கு.

ஜனவரி 23, வியாழன்

சித்தப்பா மகன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது. கூரியர்க்காரர், "இப்பெல்லாம் எல்லாரும் வாட்சப்லயே அனுப்பிர்றாங்க, நீங்க பெரிய எடமாட்ட இருக்குதுங்" என்றார். பெரிய இடமெல்லாம் இல்லை. குரூப்பில் இல்லை, அவ்வளவுதான்.

எட்டு மாதம் முன்னால் மார்பில் ஒரு கட்டி. சதைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை அவருக்கும் அக்காவுக்கும் மட்டும் சொன்னேன். அக்கா என்றால் சுலோச்சனா, எனக்கு ஒன்பது வயது மூத்தவள், காங்கேயத்தில் இருக்கிறாள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லித்தான் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் 'நம்ம ஒறம்பரை' என்ற சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டாள். எண்பத்து மூன்று பேர். கும்பிட்ட கை ஆறு, விளக்கு மூன்று, 'என்ற தங்கச்சிக்காக எல்லாரும் வேண்டிக்கோங்க' என்று ஒரு வரி, நடுவில் என் கல்யாண போட்டோ. அன்றைக்கு நாற்பத்தோரு போன். ஒருவர் பப்பாளி இலைச் சாறு வீடியோ அனுப்பினார். அவரை நான் இதுவரை பார்த்ததே இல்லை. ஒரு பெரியம்மா, "எடதா வலதா?" என்று கேட்டார்.

முடிவு நல்லபடியாக வந்தது. குரூப்பில் ஒரு வரி எழுதினேன்: 'என் உடம்பு பொதுச்சொத்து அல்ல.' எழுதிவிட்டு வெளியேறினேன். அக்கா ஒரு குரல் செய்தி அனுப்பினாள். நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி. நான் அதைத் திறக்கவில்லை. பேசவும் இல்லை. அவளும் கூப்பிடவில்லை. பொங்கலன்று மட்டும் காலையில் அவள் நம்பரிலிருந்து அரை ரிங் வந்து நின்றது. கை பட்டிருக்கும். நான் திருப்பிக் கூப்பிடவில்லை. கை பட்டதற்கெல்லாம் திருப்பிக் கூப்பிட்டால் ஆகுமா.

அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறது என்பதை எங்கள் குடும்பத்துக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அதை நான் சொன்னேன். எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை.

கல்யாணத்துக்குப் போவதாக இல்லை. அக்கா எந்தச் சேலை கட்டுவாள் என்று தெரியும். அந்த மாம்பழக் கலர்.

ஜனவரி 24, வெள்ளி

இன்று ஒரு துண்டு வந்தது. சளி பிடித்த ஆண் குரல், பின்னால் குக்கர் ஏறும் சத்தம்.

"தாரா கண்ணு, இன்னிக்கு மழ வருமா? வடகம் போடோணும். இரு இரு..." விசில். "லாபம்."

கேட்டதை எல்லாம் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். எழுதிவிட்டு இன்னொரு முறை கேட்டேன்.

அடுத்த அரை மணியில் பெனிட்டா சாட்டில் வந்தாள். எங்கள் குழுவுக்குத் தலைவி, சென்னையில் இருக்கிறாள், இருபத்தைந்து வயது இருக்கும். எழுதுவதிலும் மேடம் போடாமல் பேச மாட்டாள்.

"மேடம், இந்தத் துண்டுல 'லாபம்'னு வருதே, இது பங்குச் சந்தைக் கேள்வியா? நான் 'பணம், முதலீடு' வகைல போட்டுட்டேன்."

மண்டியில் தானியம் அளப்பவர்கள் முதல் அளவையை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள், பிறகுதான் ரெண்டு, மூணு என்று விளக்கினேன். இவர் குக்கர் விசிலை எண்ணுகிறார் என்றேன்.

"குக்கர் விசிலைக்கூட அப்படித்தான் எண்ணுவீங்களா மேடம் உங்க ஊர்ல?"

எல்லோரும் இல்லை என்று அடித்தேன். அழித்துவிட்டு 'சிலர்' என்று அனுப்பினேன்.

அப்பாவுக்குக் காங்கேயத்தில் நெல் மண்டி. பள்ளி விடுமுறையில் அக்கா அவருக்கு எண்ணிக்கை சொல்ல உட்காருவாள். அதிலிருந்து அவளுக்கு எதை எண்ணினாலும் லாபம்தான். மாத்திரையை எண்ணினாலும், துவைத்த துணியை எண்ணினாலும். கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்குத் தலை எண்ணும்போது முதல் ஆளைப் பார்த்து "லாபம்" என்று சொல்ல, அந்த மனிதர் குழம்பிப்போய் வணக்கம் வைத்தார்.

மண்டி வைத்திருந்த குடும்பம் கொங்கு நாட்டில் எத்தனையோ இருக்கும்.

ஜனவரி 25, சனி

அந்த 'லாபம்' குரல், பேசுபவர் எண் 2217. நேற்றுப் பார்த்து வைத்தேன், சும்மா.

ஒப்பந்தம் ஏழாம் பக்கம்: பேசுபவர் தெரிந்தவர் என்று தோன்றினால் 'தெரிந்த குரல்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தால் அவருடைய துண்டுகள் எல்லாம் நம்மிடமிருந்து எடுக்கப்படும். தோன்றினால் என்றுதான் இருக்கிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு விசிலை வைத்து என்ன தோன்றும்?

அக்கா மகன் தருண் அயர்லாந்திலிருந்து தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஏதோ பேசும் டப்பா வாங்கி அனுப்பியதாகப் போன தீபாவளிக்கு அவர் சொன்னார். எந்தக் கம்பெனி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரி 27, திங்கள்

இன்று 2217-இன் துண்டுகள் ஐந்து. வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஒன்று: "தாரா கண்ணு, பழனிக்கு நடக்கறவங்களுக்கு மோர் குடுக்கறம். எரநூறு பேத்துக்கு எத்தன லிட்டரு ஆவும்?"

இரண்டு: "தாரா கண்ணு, பீப்-க்குப் போன் போடு." சற்று அமைதி. "இல்லையா? செரி. இல்லாட்டிப் போவுது."

மூன்று, நான்கு: அதேதான். வேறு வேறு நாளாக இருக்க வேண்டும். ஒன்றில் காக்கை கத்துகிறது, ஒன்றில் பால்காரர் மணியடிக்கிறார். "பீப்-க்குப் போன் போடு. அந்தப் பேரே இல்லீங்கறயா? நல்லாப் பாரு கண்ணு."

ஐந்து: "தாரா, நீ சாப்ட்டயா?"

வகை பிரிப்புப் பட்டியலில் ஐந்தாவதற்கு இடமில்லை. 'பிற' என்று போட்டேன்.

அந்த பீப் நீளமாக இருக்கிறது. மூன்றெழுத்துப் பெயருக்கு அவ்வளவு நீளம் தேவைப்படாது. நான் அளக்கவில்லை. சரி, அளந்தேன். ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. 'கோதைநாயகி' என்று என் பெயரை நானே சொல்லிப் பார்த்தால் அவ்வளவுதான் வருகிறது. ஆனால் 'கிருஷ்ணவேணி' என்று சொன்னாலும் அவ்வளவுதான் வருகிறது.

என் பெயராகவே இருந்தால், அந்தப் பெயர் அவள் போனில் இல்லை என்றல்லவா டப்பா சொல்லியிருக்கிறது. அப்படியானால் என் நம்பரையே அழித்துவிட்டாள். அழிக்கட்டும். நான் குரூப்பை விட்டுத்தான் போனேன், யார் நம்பரையும் அழிக்கவில்லை.

இரவு ரசத்தில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன். அவர் மோர் ஊற்றிக்கொண்டார்.

ஜனவரி 29, புதன்

2217: "தாரா கண்ணு, மார்ல கட்டி வந்தா ஆறு மாசங் கழிச்சு மறுக்காப் பாக்கோணுமா? பாக்காம உட்டா என்னாவும்?"

முதலில் சிரிப்பு வந்தது. மறுபடியும் என் மார்பு. அப்போது எண்பத்து மூன்று பேர், இப்போது கம்பெனிக்கே சொல்லியாகிவிட்டது.

தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோதுதான் வேறு மாதிரி தோன்றியது. யாருக்குக் கட்டி என்று அவள் சொல்லவில்லை.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. வீட்டில் ஒருவரும் இல்லை. மாமா போய் நாலு வருடம் ஆகிறது. போன தடவை என் விஷயத்தைச் சொல்லிவிட்டு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. தனக்கே ஒன்று என்றால் யாரிடம் சொல்லுவாள்? அந்தப் பாடத்தை நடத்தியதே நான்தானே.

ஒருவேளை மகனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க மாட்டாள்.

துண்டை ஒன்பது முறை கேட்டேன். பெனிட்டா சாட்டில், "மேடம், ஒரு துண்டுக்குப் பதினாலு நிமிஷம் ஆகியிருக்கே, நெட் பிரச்சனையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நான் கேட்பதையும் ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது இவ்வளவு நாளாக எனக்கு உறைக்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. 'உனக்குக் கட்டியா?' என்றால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பாள். அதனால் அவரை விட்டுக் கூப்பிடச் சொன்னேன்.

"என்னன்னு சொல்லிக் கூப்படறது? எட்டு மாசமா நீ பேசல, நான் என்ன பேசறது?"

"தேங்காண்ண நல்ல எண்ணையா எந்தச் செக்குல கெடைக்கும்னு கேளுங்க. காங்கேயத்துலதான இருக்கறாங்க."

"நம்மூட்லதான் ரெண்டு லிட்டரு இருக்குதே."

"கேளுங்கன்னா கேளுங்க."

ஸ்பீக்கரில் போட்டார். நான் சோபாவின் கை மேல் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் குரல் அக்காவின் குரலாகவே வந்தது. எட்டு மாதமாயிற்று.

"மாப்ளைங்களா? நல்லாருக்கறீங்ளா?"

"நல்லாருக்கறனுங்க அண்ணி. உங்களுக்கு ஒடம்பெல்லாம் எப்படிங்?"

"எனக்கென்னங் கேடு. கல்லுக் குண்டாட்ட இருக்கறன்."

எண்ணெய் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள். எந்தச் செக்கு, எப்போது போனால் கண் முன்னால் ஆட்டித் தருவார்கள், எதில் பாமாயில் கலக்கிறார்கள் எல்லாம் சொன்னாள். அவர் மெய்யாகவே ஆர்வமாகிக் குறித்துக்கொண்டார். பிறகு அக்கா, "அவ இருக்கறாளுங்களா பக்கத்துல?" என்றாள்.

நான் கையை ஆட்டினேன். "இல்லீங்க, கடைக்குப் போயிருக்கறா."

"ஓகோ. பனி ஜாஸ்தியா இருக்குது. வெளில போனா காதுக்குத் துணி கட்டிக்கச் சொல்லுங். நான் சொன்னன்னு சொல்லாதீங்." பின்னால் விசில் அடித்தது. "லாபம். செரிங் மாப்ள, வெச்சர்றன்."

அவர் போனை வைத்துவிட்டு, "காதுக்குத் துணி கட்டிக்கோணுமாமா. நான் சொல்லல" என்றார்.

ஆக, 2217 அக்காதான். கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறேன் என்று நானும்தான் எட்டு மாதம் முன்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், பரிசோதனைக்குப் போவதற்கு முந்தின நாள் வரைக்கும்.

கட்டத்தில் டிக் அடிக்கவில்லை. அடித்தால் அவள் துண்டுகள் நின்றுவிடும். கட்டி யாருக்கு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பிப்ரவரி 1, சனி

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அக்கா என்னைப் பற்றி ஒரு வரியை எண்பத்து மூன்று பேரிடம் சொன்னாள். அத்தனை பேரும் எனக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். பப்பாளி இலைக்காரர் உட்பட. நான் அவளுக்குத் தெரியாமல் அவள் சமையலறையில் எட்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். அவள் எப்போது குக்கர் வைக்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள், டப்பாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கம்பெனியைக் கேட்டால், பேசுபவர் சம்மதம் கொடுத்திருக்கிறார் என்பார்கள். அயர்லாந்திலிருந்து வந்த பெட்டியை யாரோ ஒரு பையன் வந்து மாட்டிக் கொடுத்திருப்பான். திரையில் வந்ததற்கெல்லாம் 'சரி, சரி' என்று அழுத்தியிருப்பான். அக்கா அவனுக்குக் காபி கொடுத்திருப்பாள். அதுதான் சம்மதம்.

என் பக்கம் விதி இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, கட்டம் இருக்கிறது. அவள் பக்கம் கும்பிட்ட கை ஆறு. இதில் யார் யாருடைய அந்தரங்கத்தில் கை வைத்தது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் நானே ஐந்து மார்க் கேள்வியாக வைத்திருப்பேன்.

அவர் லேப்டாப்பில் பொட்டு விழுந்துவிட்டது. வேறு பொட்டு கேட்டார். கொடுத்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

காலை ஆறே காலுக்குக் கணினியைத் திறந்தேன். பல் துலக்கவில்லை. 2217, ஒரே துண்டு. இருபது நொடி; இவ்வளவு நீளமாக வந்ததில்லை.

"தாரா கண்ணு, பொங்கலன்னிக்குக் கூடப் பேசாம இருந்தா நல்லாருக்குமா?" பெருமூச்சு. "பீப்-னு சொன்னா இல்லீங்கற. செரி. மூக்கிக்குப் போன் போடு." ஒரு ரிங்கின் பாதி. "வேண்டா, வேண்டா, உட்ரு. நிறுத்து. அவ எடுக்க மாட்டா." பிறகு டப்பாவிடமா தன்னிடமா என்று தெரியாமல்: "அவளுக்கு ஆறு மாசந் தாண்டிப் போச்சு. மறுக்காப் போய்ப் பாத்தாளோ என்னமோ. யாரக் கேக்கறது."

மூக்கி என்றால் நான்தான். பிறந்தபோது முகத்தில் மூக்கு மட்டும்தான் இருந்தது என்பாள் அக்கா. எட்டு வயதில் அழுது சண்டை போட்டு, யார் முன்னாலும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவள் யார் முன்னாலும் கூப்பிடவில்லை. போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறாள். கோபம் வந்தபோது 'கோதைநாயகி' என்று முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். டப்பா அப்படி யாரும் இல்லை என்றிருக்கிறது. மூக்கி என்று சொல்ல வாய் வருவதற்கு அவளுக்கு இத்தனை நாளாகியிருக்கிறது.

மெஷினுக்கு மூக்கி என்பது பெயர் என்று தெரியவில்லை. அதனால் பீப் வைக்கவில்லை. துண்டுகள் சில வாரம் தாமதமாகத்தான் எங்களுக்கு வரும்; பொங்கலன்று வந்த அந்த அரை ரிங் கை பட்டதில்லை.

கட்டி அவளுக்கில்லை. எனக்குத்தான். இவ்வளவு நிம்மதியாக நான் எதையும் எழுதியதில்லை.

பெனிட்டா கேட்டாள்: "மேடம், 'மூக்கிக்குப் போன் போடு'ன்னா என்ன? உடல்நலம் வகையா? மூக்கு சம்பந்தமா டாக்டரைக் கூப்பிடறாங்களா?"

'தொலைபேசி அழைப்பு' என்று மாற்றச் சொன்னேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அவர் கல்லூரிக்குப் போன பிறகு, அந்தக் குரல் செய்தியைத் திறந்தேன். நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி. தினமும் இருநூறு பேரைக் கேட்கிறவளுக்கு இது ஒரு பெரிய வேலையில்லை.

முதல் அரை நிமிடம்தான் எனக்கானது.

"கோத, தப்புத்தான். நீ சொல்லாதன்னு சொன்ன. நான் கோயலுக்குப் போனன், நின்னன். நான் ஒருத்தி வேண்டுனாப் பத்துமான்னு பயமாப் போச்சு சாமி. அதுனாலதான் எல்லார்த்தயும் சேத்திக்கிட்டன். இரு, குக்கரு..."

அதோடு போனை எங்கேயோ வைத்துவிட்டாள். பதிவை நிறுத்தத் தெரியவில்லை. மீதி முழுக்க லாபம், ரெண்டு, மூணு. கீரைக்காரம்மாவிடம் கட்டு சின்னதாக இருக்கிறது என்று சண்டை. கீரைக்காரம்மா, "தங்கச்சிக்கு எப்படி இருக்குதுங்?" என்று கேட்கிறார். அவருக்கும் சொல்லியிருக்கிறாள். எண்பத்து நாலு.

"நல்லாருக்குதுங். ஒண்ணுமில்லீன்னு வந்துருச்சு. எம்மேலதான் கோவம். இருந்தா இருக்கட்டும், கோவப்படறதுக்கு அவ இருக்கறால்லங்."

எட்டு மாதமாக இது என் போனிலேயே இருந்தது. யாரும் ஒளித்து வைக்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

'தெரிந்த குரல்' கட்டத்தில் டிக் அடித்தேன். ஒரு படிவம் திறந்தது. உறவு: அறிமுகமானவர், நண்பர், உறவினர். பேச்சுவார்த்தை இல்லாத உறவினருக்குத் தனிக் கட்டம் இல்லை. 'உறவினர்' என்று போட்டேன். எப்போது தெரிய வந்தது என்று கேட்டிருந்தார்கள். ஜனவரி 24 என்று உண்மையாக எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு காலி இடம். நெட் பிரச்சனை என்று எழுதத் தோன்றியது. எழுதவில்லை. காலியாக விட்டேன்.

பத்து நிமிடத்தில் 2217 மறைந்துவிட்டது. பெனிட்டா சாட்டில் வந்தாள்.

"பன்னெண்டு நாள் லேட்டா டிக் பண்ணிருக்கீங்க மேடம். மேல எழுத வேண்டி வரும். வேலை போகாது, எச்சரிக்கை வரலாம்." பிறகு: "யார் மேடம், கேக்கலாமா?"

"கேக்கக் கூடாதுன்னு ஏழாம் பக்கத்துல இருக்குது."

"நீங்க ஒருத்தர்தான் மேடம் அதப் படிச்சிருக்கீங்க." கொஞ்ச நேரம் கழித்து: "லாபம்னு எண்ணுவாங்களே, அவங்களா? எனக்கு அவங்களப் பிடிக்கும். நானும் இப்ப அப்படித்தான் எண்ணறேன்."

சிரித்தேன், அது சாட்டில் தெரியாது.

மாலையில் இட்லிக்கு அரைத்தேன். பின்னறை ஜன்னலைத் துடைத்தேன். காதுக்குத் துணி கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் பார்த்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் உடனே, "திங்கக்கெழம காலைல பத்தரை, வர்றீங்களாங்?" என்றாள். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் அவரிடம் வேறு பொய் சொல்லியிருப்பேன்.

பயமாகத்தான் இருக்கிறது. போன தடவை முடிவுக்குக் காத்திருந்த ஐந்து நாளில் நாற்பத்தோரு பேர் மேல் கோபப்படவேண்டி இருந்ததால் பயப்பட நேரமில்லை. இந்தத் தடவை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் வேலையைத் திறந்தேன். 190 துண்டுகள். அதே மிக்ஸிக்காரர் திரும்ப வந்திருந்தார், அதே சொல். இந்த முறை ஒரே தடவையில் பிடிபட்டது.

அவர் சாப்பிடும்போது, "நாளைக்கு லீவுதான, அந்தச் செக்குக்குப் போய்ட்டு வரலாமா? அண்ணி சொன்னாங்கல்ல, காலைல போனா முன்னால நின்னு ஆட்டிக்கலாமாமா" என்றார்.

"ரெண்டு லிட்டரு இருக்குதுங்க."

"இருக்குதா" என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரசம் கேட்டார். காமிராவுக்குப் பொட்டு ஒட்டிக்கொண்டு திரிகிற இந்த மனிதருக்கு நான் நினைப்பதை விட அதிகமாகக் கேட்கிறதோ என்னவோ.

துணிப்பை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டத்தில் ரோடு அடைபடுவதற்குள் போய்விட வேண்டும், அதனால் நாளை காங்கேயத்துக்கு முதல் பஸ். அக்கா குக்கர் வைக்கிற நேரத்துக்கு அங்கே இருப்பேன். டப்பாவைப் பற்றி அவளிடம் இப்போது சொல்ல மாட்டேன். பேசித் தீர்ந்த பிறகு ஒரு நாள், அதை எப்படி அணைப்பது என்று காட்டும்போது சொல்லிக்கொள்ளலாம், அப்போது அவள் கோபப்படட்டும், எட்டு மாதம் வேண்டுமானாலும். திங்கட்கிழமை பத்தரைக்கு ஸ்கேன் என்று சொல்வேன். கூட வா என்பேன். யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் இந்தத் தடவை சொல்லப் போவதில்லை.